மிச்சம் வைக்கிறவள்

அவள் டீயை முழுசாகக் குடித்து நான் பார்த்ததில்லை. திருவொற்றியூர் ஸ்டேஷன் வாசல் கடையில் கொடுக்கிற கிளாஸில் மொத்தமே நாலைந்து வாய்தான் இருக்கும். அதிலும் கடைசி வாயை விட்டுவிட்டு கிளாஸைப் பலகைமேல் வைத்துவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வண்டி வருகிற அவசரத்தில் கொதிக்கக் கொதிக்கக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஆள் நான்.

"அந்த ஒரு வாய் உன்னை இன்னாடி பண்ணுச்சு?" என்பேன்.

"இருக்கட்டும்டி" என்பாள்.

இருக்கட்டும் என்பதுதான் அவளுடைய சொல். சாப்பாட்டு டப்பாவில் ஒரு துண்டு மீன் மிஞ்சியிருக்கும். தலைக்கு வைக்க வாங்கிய பூவில் ஒரு விரற்கடை கிள்ளி கைப்பைக்குள் போகும். தேய்ந்து சில்லாகிப்போன சோப்பு புது சோப்பின் முதுகில் ஒட்டிக்கொண்டு இன்னும் சில நாள் வாழும். கஞ்சத்தனம் என்று முதலில் நினைத்தேன். கஞ்சத்தனம் இல்லை. பிறருக்குக் கொடுக்கும்போது கை தாராளம்தான். எதுவும் அடியோடு தீர்ந்துபோவதைப் பார்க்க அவளால் முடியாது, அவ்வளவுதான்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நாங்கள் வேலை பார்த்த ஆய்வகத்துக்கு வரும் திசுவுக்குப் பெயர் கிடையாது, ஓர் எண் மட்டும் உண்டு. யாருடைய மார்பிலிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியக் கூடாது என்பது விதி. அவள் விஷயத்தில் அந்த விதியை ஒரு முறை காப்பாற்ற முடியாமல் போயிற்று. எழுத்திலாவது காப்பாற்றுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். ஆய்வகம் ஊரின் தெற்குக் கோடியில், எங்கள் வீடுகள் வடக்குக் கோடியில். எனக்குத் தேரடிப் பக்கம், அவளுக்குக் கடலோரக் குப்பம். தினம் ஒரே ரயில், பீச் ஸ்டேஷனில் இறங்கி அடுத்த வண்டி. மார்புத் திசுவிலிருந்து செல்களைப் பிரித்து வளர்த்து, அவை எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்பது எங்கள் வேலை. ஏதோ ஒரு காரணத்துக்காக மார்பில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் பெண்கள், எடுத்ததில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தருவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். அந்தத் துண்டுகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன.

பெண்கள் பெட்டியில் எண்ணூரிலிருந்து இறால் கூடையோடு வரும் ஓர் அக்கா உண்டு. ஒரு நாள் அந்த அக்கா கேட்டாள்.

"தெனம் ரெண்டு பேரும் பையத் தூக்கிகினு எங்கமா போறீங்க? இன்னா வேலை?"

"ஆராய்ச்சிக்கா" என்று நான் முடித்துக்கொண்டேன். இவள் முடிக்கவில்லை.

"உனக்கு எத்தினி புள்ளைங்கக்கா?"

"மூணு."

"மொத புள்ளைக்குப் பால் நிறுத்தினியே, அப்பால மாரு வத்திப்போச்சா?"

"எல்லாருக்கும் அப்டித்தான."

"அப்போ ரெண்டாவதுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

அக்கா யோசித்தாள். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்ணும் நிமிர்ந்து பார்த்தாள்.

"மறுபடியும் சுரந்துச்சு. இதுல இன்னா கீது?"

"சுரக்கறதுக்கு ஆளு வேணாமா? பால் குடுத்த செல்லுங்க வேலை முடிஞ்சதும் செத்துப்பூடும்க்கா. ஆனா கொஞ்சம் செல்லுங்க மட்டும் ஓரமா நின்னுகினே இருக்கும். அதுங்களுக்குப் பால் செல்லா மாறத் தெரியும். ஆனா மாறாது. அடுத்த புள்ளை தங்குற வரைக்கும் அப்டியே நிக்கும். தங்குனதும் பெருகி வேலைக்குப் போவும். போவும்போதும் எல்லாம் போவாது, கொஞ்சம் பின்னாடி நின்னுக்கும். அதுங்களத்தான் நாங்க பாக்கறோம்."

"சும்மா நின்னுகினு கீறதப் பாக்கறதுக்கு ஒரு ஆபீஸா?"

பெட்டியே சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"சும்மா நிக்கிறது சும்மா இல்லக்கா. அதுதான் பெரிய வேலை."

அவள் சொன்னது சரியான அறிவியல். அந்தச் செல்களுக்கு முன்னோடிச் செல்கள் என்று பெயர். பால் உண்டாக்குவதற்கான மரபணுக்கள் அவற்றுக்குள்ளும் இருக்கின்றன, ஆனால் மூடிக் கிடக்கின்றன. மரபணு இழை அந்த இடங்களில் புரத உருண்டைகள்மேல் இறுக்கிச் சுற்றப்பட்டிருக்கிறது. இங்கே திறக்காதே என்று சொல்வதுபோல அதன்மேல் சின்னச் சின்ன வேதிக் குறிகள் இருக்கின்றன. வேறு சில புரதங்கள் வந்து உட்கார்ந்து, இந்த மரபணு இப்போது வேண்டாம், அது மட்டும் போதும் என்று நடத்துகின்றன. செல் இரண்டாகப் பிரியும்போது இந்தக் குறிகளையெல்லாம் புது இழையிலும் மறக்காமல் போட்டாக வேண்டும். ஒரு முறை பூட்டிவிட்டு மறந்துவிடுகிற பூட்டு அல்ல அது. ஓயாமல் பூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பூட்டு சீக்கிரம் திறந்துகொண்டால் எல்லாமே பால் செல்லாக மாறி, அடுத்த குழந்தைக்கு ஆள் இருக்காது. இன்னொரு வகையில் கெட்டுப்போனால் அந்தச் செல்கள் மாறவும் மாறாது, நிற்கவும் நிற்காது, பெருகிக்கொண்டே போகும்.

அந்த இன்னொரு வகையைப் பற்றி அவள் ரயிலில் யாரிடமும் பேசியதில்லை.

அவளுடைய கணவர் காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தார். சாயங்காலம் பைக்கை ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவிட்டு நிற்பார். கை எப்போதும் சில்லென்று இருக்கும். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான். அவரு மீனைக் கெடாம வெக்கிறாரு, நான் செல்லைக் கெடாம வெக்கிறேன்" என்று அவள் கேலி செய்வாள். அவருக்கு அதில் ஏகப் பெருமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் நெத்திலி வறுவலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஐஸ் கட்டி எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குப் பாடமே நடத்தினார். பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். அதற்குள் நல்ல தண்ணீர் ஊற்றிய தகர டப்பாக்களை இறக்குவார்கள்.

"உப்புத் தண்ணி எம்மா ஜில்லுன்னு ஆனாலும் தான் உறையாதுமா. ஆனா உள்ள கீற தண்ணிய கல்லு மாரி உறைய வெச்சிடும். உப்பு போட்டா ஐஸுக்கே குளிரும்" என்றார்.

அவள் குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தினாள். சட்டியில் நாளைக்கென்று ஒரு கரண்டி குழம்பு ஒதுங்கியிருந்தது.

லேபிலும் அவள் அப்படித்தான். ஒரு திசு வந்தால், செல்களைப் பிரித்ததும் அதில் ஒரு பங்கைச் சின்னக் குப்பிகளில் போட்டு உறைய வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. உறைய வைப்பது என்றால் சும்மா ஃப்ரீசரில் போடுவது அல்ல. அதற்கென்று ஒரு மருந்தைக் கலந்து, குளிரை மெல்ல மெல்ல இறக்கி, கடைசியில் திரவ நைட்ரஜனுக்குள் வைக்க வேண்டும். மருந்து இல்லாமல் உறைந்தால் செல்லுக்குள் இருக்கும் நீர் ஊசி ஊசியாகப் படிந்து செல்லைக் கிழித்துவிடும். இந்த வேலைக்கு அரை நாள் போகும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. கிடைத்த செல்லையெல்லாம் அப்படியே தட்டுகளில் போட்டு வளர்த்து, சீக்கிரம் முடிவைப் பார்த்துவிடத் துடிப்பேன்.

ஒரு மழைக்காலத்தில் வளர்ப்புப் பெட்டிக்குள் பூஞ்சை புகுந்துவிட்டது. காலையில் திறந்தால் எல்லாத் தட்டுகளிலும் வெள்ளை வெள்ளையாக நூல். பல மாத உழைப்பு குப்பைக்குப் போயிற்று. எங்கள் மேடம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவள் போய் நைட்ரஜன் தொட்டியிலிருந்து குப்பிகளை எடுத்து வந்தாள். அதற்குப் பிறகு அவளுடைய கடைசி வாய் டீயைப் பற்றி நான் கொஞ்ச நாள் வாயைத் திறக்கவில்லை.

இந்தப் பழக்கம் அவளுக்கு அம்மாவிடமிருந்து வந்தது. அவள் அம்மா காசிமேட்டில் ஏலம் எடுத்து, தலைச்சுமையாகத் தெருத்தெருவாக மீன் விற்றவள். கூடையை ஒரு நாளும் காலியாக வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லையாம். யார் எவ்வளவு கேட்டாலும் கடைசியாக ஒரு மீன் கூடையில் கிடக்கும். வெறுங்கூடையைக் கவிழ்த்தால் நாளைக்குக் கடல் கொடுக்காது என்று அம்மாவுக்கு நம்பிக்கை. அந்த ஒரு மீன்தான் வீட்டில் ராத்திரிக் குழம்பு.

அம்மா வேறொன்றையும் ஒதுக்கி வைத்திருந்தாள். இடது மார்பில் ஒரு கட்டி. முதலில் புளியங்கொட்டை அளவுதான். "இருக்கட்டும், வலியா இன்னா, அப்பால பாக்கலாம்" என்று யாரிடமும் சொல்லாமல் ஜாக்கெட்டுக்குள் மூடிவைத்துக்கொண்டாள். நாற்றம் வந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. அப்போது இவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் அம்மாவும் இளவயதிலேயே ஏதோ மார் நோயில் போனவள்தான் என்று சாவு வீட்டில் யாரோ சொன்னார்களாம்.

இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்னது வேலைக்குச் சேர்ந்து வெகுநாள் கழித்து. அதற்குள் எங்கள் லேபில் ஒரு குறிப்பிட்ட வகைக் குடும்பங்களின் திசுக்களைத்தான் நாங்கள் பார்க்கத் தொடங்கியிருந்தோம். மரபணு இழையில் விழும் கிழிசலைத் தைப்பதற்கென்று ஒரு மரபணு இருக்கிறது. முன்னோடிச் செல்கள் ஒழுங்காக முதிர்வதற்கும் அது வேண்டும். சில குடும்பங்களில் அதன் ஒரு பிரதி பழுதாகவே பிறந்துவிடுகிறது. அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வரும். அப்படிப்பட்ட பெண்களுடைய மார்பில், கட்டி எதுவும் வருவதற்கு வெகுமுன்பே, நிற்க வேண்டிய அந்தச் செல்கள் அளவுக்கு மேல் சேர்ந்துகிடக்கும். புற்று பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அவள் தினமும் மைக்ராஸ்கோப்பில் குனிந்து அவற்றை எண்ணுவாள். முகத்தில் ஒன்றும் தெரியாது. தன் அம்மாவைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பழுது தனக்கும் இருக்கிறதா என்று பரிசோதனை செய்துகொள்வதையும் அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். கல்யாணம் ஆயிற்று, பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒரு வயது தாண்டிய பிறகு ஒரு நாள், கொருக்குப்பேட்டையில் சிக்னலுக்காக வண்டி நின்றுகொண்டிருந்தபோது, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்கும் கீதுடி."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்துகொள்கிற வேலைதானே நான் பார்க்கிறேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பீச் ஸ்டேஷன் வருகிறவரை விடவில்லை.

டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். இப்போதைக்குக் கட்டி எதுவும் இல்லை. ஆனால் வருவதற்கு வாய்ப்பு மிக அதிகம். குழந்தைக்குப் பால் மறக்கடித்து, மார்பு வற்றிய பிறகு, இரண்டு பக்கமும் உள்திசுவை முழுக்க எடுத்துவிடுவது நல்லது. பால் கொடுப்பதில் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் பால் ஊறியிருக்கும் மார்பில் ஸ்கேனும் தெளிவாகத் தெரியாது, ஆபரேஷனும் செய்யமாட்டார்கள்.

"பாப்பா பால் மறக்கட்டும், அப்பால பண்ணிக்கிறேன்" என்றாள்.

பாப்பாவுக்கு இரண்டு வயது ஆயிற்று. சங்கரா மீனை முள் எடுத்துக் கொடுத்தால் தட்டு காலியாகும் அளவுக்குச் சாப்பிட்டாள். பால்வாடிக்குப் போனாள், பாட்டுச் சொன்னாள். சாயங்காலம் அம்மா வாசலில் கால் வைத்ததும் ஓடிவந்து மடியில் ஏறிப் புடவையை விலக்குவாள். "கடைசியா ஒரு வாய்" என்று இவளும் கொடுப்பாள். பாப்பாவுக்கு மூன்றாவது வயதும் நடந்தது. பாப்பா விடமாட்டேன் என்கிறாள் என்று கணவரிடம் சொல்லிவைத்திருந்தாள். விடாதது பாப்பா அல்ல என்று எனக்குத் தெரியும்.

பயமாக இருந்தது. எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். பீச் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் வண்டி மாறும்போது பிடித்துக்கொண்டேன்.

"நிக்கிறத அதுங்க மறந்துடுச்சுன்னா இன்னா ஆவும்னு உன்னைவிட யாருக்குடி தெரியும்? தெனம் பாக்குறியே?"

"தெரியும்."

"அப்பறம் இன்னாத்துக்கு இஸ்துகினே போற?"

"ஒண்ணுமே வெக்காம தொடச்சி எடுத்துடுவாங்கடி. எங்கம்மா கூடையில கூட ஒரு மீனு இருக்கும்."

"உங்கம்மா எடுத்து வெச்சதுதான் உங்கம்மாவையே துன்னுடுச்சு."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். எங்கள் வண்டி வந்து போயிற்று. அடுத்த வண்டியில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனோம். சாயங்காலம் திரும்பும்போது வழக்கம்போல இரண்டு டீ வாங்கினாள். கடைசி வாயை விட்டுவிட்டு, "பேஜாரு புடிச்சவளே" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு சில நாள் அவளிடம் வேப்பெண்ணெய் வாடை அடித்தது. நான் கேட்கவில்லை. ரயிலில் அவளாகவே சொல்லி அழுதாள்.

"பாப்பா ஒரு தபா வாய வெச்சிச்சு. அப்டியே எடுத்துட்டு என் மூஞ்சப் பாத்துச்சு. அழக்கூட இல்லடி. எறங்கிப் போயி அவங்கப்பா கிட்ட குந்திக்கிச்சு. அப்பால வரவேயில்ல."

இறால் கூடை அக்கா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எதற்கு அழுகிறாள் என்று கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். டாக்டருக்கு அல்ல, எனக்கு.

"எல்லாத்தையும் எடுத்துக்கட்டும். ஒரு துண்டு நம்ம லேபுக்கு வந்துடணும். நீதான் வளக்கணும். பெருசா ஒண்ணும் பண்ண வேணாம், உசுரோட நின்னா போதும். ரெண்டு குப்பி உள்ள போட்டு வெச்சிடு. எங்கேயோ கீதுன்னு நெனச்சிகினா நான் படுத்துப்பேன்."

மேடம் முதலில் தயங்கினார். பிறகு முறைப்படி அனுமதி வாங்கி, அவளுடைய திசுவுக்கும் எண் போட்டார். எண் யாருடையது என்று எனக்குத் தெரியும் என்பதால் அதை ஆராய்ச்சிக் கணக்கில் சேர்க்க முடியாது, வளர்த்து வைத்துக்கொள்ள மட்டும் செய்யலாம் என்றார். அது போதும் என்றாள். அந்த ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஆபரேஷன் மேசையில் படுத்தாள். இது எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் அன்று காலையிலிருந்து குழாய்களையும் மருந்துகளையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

திசுவை எடுத்து வருவது எங்கள் அட்டெண்டரின் வேலை. அன்று பார்த்து அவர் ஆஸ்பத்திரியில் திசுவை வைக்கும் பெட்டியைக் கொடுத்துவிட்டு, காய்ச்சல் தாங்காமல் அங்கேயே ஒரு பெஞ்சில் படுத்துவிட்டார். ராயபுரம் பக்கத்து ஆஸ்பத்திரி அது. நான் லேபில் எல்லாவற்றையும் தயார் செய்துகொண்டிருந்தேன், விட்டுவிட்டு வர முடியாது. போனில் கணவர் பேசினார்.

"என் பொண்டாட்டிது. நான் எடுத்தாறேன்மா."

மேடம் சரி என்றார். நானும் சரி என்றேன். பெட்டிக்குள் நீல நிற ஜெல் பைகள் இருந்தன. அவை குளுமையாக வைக்கும், உறைய வைக்காது. அப்படி இருக்க வேண்டும் என்றுதான் அவற்றை வைப்பது.

அவர் நான் நினைத்ததைவிடத் தாமதமாகத்தான் வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்து, அவரே மூடியைத் திறந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒரு சொட்டு கரையல பாரு."

விளிம்புவரை பொடி ஐஸ். அதன்மேல் கல்லுப்பு மினுமினுத்தது.

"நீங்க வெச்ச நீலப் பையெல்லாம் கொழகொழன்னு ஆயிடுச்சுமா. துறைமுகம் கேட்டாண்ட கண்டெய்னர் லாரி லைன் கட்டிகினு நிக்குது. எப்பப் போய்ச் சேருமோன்னு எனக்கு பக்குனு ஆயிடுச்சு. நேரா நம்ம ஃபேக்டரிக்கு வுட்டேன். பொடி ஐஸ் ரொப்பி ரெண்டு கை உப்பு போட்டு இறுக்கிட்டேன். இந்தக் குளிரு ராத்திரி வரைக்கும் தாங்கும்."

குழாயை எடுத்தேன். கல். உள்ளே திரவத்தோடு சேர்ந்து திசுவும் உறைந்து கல்லாகியிருந்தது. தட்டினால் டக் டக் என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

எதையும் பளிச்சென்று சொல்லிவிடுகிறவள்தான் நான். ஆனால் அது மனைவி இன்னும் கண் விழிக்காத நேரம். அந்த மனிதர் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையை முழு மனசோடு செய்துவிட்டு வந்து நிற்கிறார்.

"நல்லபடியா வந்துடுச்சுண்ணா. நீங்க போங்க, அவ முழிச்சிக்கப் போறா" என்றேன்.

போன பிறகு உருக்கினேன். நறுக்கி, நொதியில் ஊறவைத்து, செய்ய வேண்டியதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். மறுநாள் காலையில் நீலச் சாயம் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். உயிருள்ள செல் அந்தச் சாயத்தை உள்ளே விடாது, வெளிறித் தெரியும். செத்தது நீலமாகிவிடும். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் நீலமாகவே இருந்தது. வேறு துளி எடுத்துப் பார்த்தேன். அதுவும் நீலம்தான். ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

அவளைப் பார்க்கப் போனபோது மார்பு முழுக்கக் கட்டு. போர்வை தட்டையாகக் கிடந்தது. கணவர் என்னைப் பார்த்ததும் ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு டீ வாங்கக் கிளம்பினார். அவர் படியிறங்கும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தாள்.

"நின்னுச்சா?"

இவளிடம் பொய் சொல்ல முடியாது. சொன்னாலும் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"இல்லடி. உறைஞ்சிபோச்சு. ஐஸ் மாத்திட்டாரு."

"உப்பு போட்டாரா?"

"ரெண்டு கை."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்ததும் தையல் இழுக்க, கட்டின்மேல் கை வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். மூடிய கண்ணிலிருந்து நீர் இரண்டு பக்கமும் காதை நோக்கி இறங்கியது. நான் துடைக்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"அவராண்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத."

"எப்பவுமா?"

"எப்பவும். கெடாம எடுத்தாந்தேன்னு நெனச்சிகினு கீறாரு. அது அப்டியே இருக்கட்டும்."

அவர் டீயோடு வந்தார். மூடியில் ஊற்றி அவள் வாயில் வைத்தார். அவள் நிறுத்தாமல் குடித்தாள். மூடி காலியானதும் அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னா, இன்னிக்கி மிச்சம் வெக்கல?"

"தாகமா கீது" என்றாள்.

சில நாளில் நோய்க்குறி ஆய்வு முடிவு வந்தது. வலது பக்கம் ஒரு பால் நாளத்துக்குள் செல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறத் தொடங்கியிருந்தன. நாளத்தைத் தாண்டி வெளியே போகவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் தாண்டியிருக்கும் என்றார் டாக்டர். அவள் அந்தத் திசு ஒட்டிய கண்ணாடித் துண்டைத் தானே மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் குனிந்திருந்தாள்.

"பாவம், அதுங்களால நிக்க முடியல" என்றாள். தன்னைக் கொல்ல வந்ததைப் பற்றி யாரும் இவ்வளவு இரக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு லேபுக்கு அவள் திரும்பி வரவில்லை. வீட்டுப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறாள். நான் இப்போது வேறு ஊரில், வேறு ஆய்வகத்தில் இருக்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தக் குப்பத்து வீட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை. டீயில் கடைசி வாய் மறுபடியும் மிஞ்சத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் குடித்த அந்த ஒரு டீதான் விதிவிலக்கு.

அவருக்குப் புதிதாக யார் வந்தாலும் சொல்ல ஒரு கதை இருக்கிறது. கண்டெய்னர் லாரிகள், கொழகொழத்த நீலப் பைகள், பொடி ஐஸ், உப்பு எல்லாம் வரிசையாக வரும். "என் வூட்டுக்காரியோட செல்லு இன்னும் லேபுல உசுரோட கீது. நாந்தான் கொண்டுபோனேன்" என்று முடிப்பார். அவள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். முகத்தில் ஒன்றும் தெரியாது, மைக்ராஸ்கோப்பில் குனிந்து எண்ணுகிறபோது இருந்த அதே முகம். ஒரு முறை தெருமுனைவரை என்னைக் கொண்டுவிட வந்தபோது கேட்டேன், இத்தனை வருஷமாக எப்படி முடிகிறது என்று.

"ஒவ்வொரு தபாவும் புதுசா வாய மூடிக்கணும்டி. போன தபா மூடினது இந்த தபாவுக்கு ஒதவாது" என்றாள்.

போன மாதம் போயிருந்தேன். அவள் உள்ளே மீன் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்த பெண்ணை விசாரிக்கிறவரைப் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"அது எப்டி கீதுமா?"

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

"நல்லா கீதுண்ணா" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, கரண்டி மறுபடியும் சட்டியில் சுற்றத் தொடங்கியது.